தறியும் தெருவும் தாய்மொழியும்: பட்டுநூல்காரரின் நகர்ப்பெயர்ச்சி

மக்கள் ஊர்விட்டு நகரம் புகுவதற்குரிய காரணங்களாகப் பஞ்சத்தையும் போரையும் வறுமையையும் கூறுவது வழக்கம். தனி மனிதரின் பெயர்ச்சிக்கு இவை பெரும்பாலும் பொருந்தும். ஆயின், ஒரு தொழிற்குழு மனைவி மக்களோடும் கருவிகளோடும் தன் தெய்வத்தோடும் ஒரு நகருக்குப் பெயர்ந்து, அங்கே பல தலைமுறை தன் மொழியோடு வாழ்வதை இக்காரணங்கள் மட்டும் விளக்குவதில்லை. இத்தகைய குழுப்பெயர்ச்சிக்கு இந்தியாவில் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் மிகத் தெளிவானது பட்டு நெசவாளரைப் பற்றியதாக இருப்பது தற்செயல் அன்று. தறியை எந்த ஊரிலும் நடலாம். பட்டு உடுத்துவோர் எல்லா ஊரிலும் இரார். நூல் தொலைவிலிருந்து வரவேண்டும். சாயமிடுவோர் அருகே இருக்க வேண்டும். நெய்து முடியும்வரை பொருள் கொடுத்துத் தாங்குவோர் வேண்டும். அரண்மனையும் பெருங்கோயிலும் அங்காடியும் ஒருங்கே அமைந்த ஊரே இத்தொழிலுக்கு நிலம் போன்றது. அந்த நிலம் வறண்டால் நெசவாளர் அடுத்த தலைநகரை நாடினர்.

மத்தியப் பிரதேசத்தில் சிவனா ஆற்றங்கரையில் உள்ள மந்தசோர் பழங்காலத்தில் தசபுரம் என வழங்கியது. அங்குக் கிடைத்த வடமொழிக் கல்வெட்டு ஒன்றை ஃபிளீட் 1888இல் வெளிவந்த தம் குப்தர் கல்வெட்டுத் தொகுதியில் பதிப்பித்தார். வத்சபட்டி என்னும் புலவர் இயற்றிய செய்யுட்களால் அமைந்தது அது. இலாட நாட்டிலிருந்து, அஃதாவது இன்றைய குசராத்தின் தென்பகுதியிலிருந்து, தசபுரத்திற்கு வந்து குடியேறிய பட்டு நெசவாளர் குழு, மாளவ ஆண்டு 493இல் (பொ.ஆ. 437–438) கதிரவனுக்குக் கோயில் எடுத்தது, 529இல் (பொ.ஆ. 473–474) அதே குழு அதனைப் பழுது பார்த்தது. கோயில் எழுந்தபோது முதலாம் குமாரகுப்தன் பேரரசனாக இருந்தான். அவனுக்குக் கீழ்ப்பட்டுப் பந்துவர்மன் தசபுரத்தை ஆண்டான்.

நெசவாளர் ஏன் பெயர்ந்தனர் என்பதற்குக் கல்வெட்டு கூறும் காரணம் கவனிக்கத்தக்கது. அந்நாட்டு அரசரின் நற்பண்புகளைக் கேள்வியுற்று, வழித்துன்பத்தைப் பொருட்படுத்தாது, முதலில் உள்ளத்தாலும் பின்னர் உடலாலும் மக்கள் சுற்றத்தோடு வந்து சேர்ந்தனர் என்பது அதன் கூற்று. விட்டுவந்த நாட்டில் என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. புகழுரையை நீக்கிவிட்டு நோக்கினால் எஞ்சுவது புரவலரைத் தேடி வந்த செய்தியே. இளமையும் அழகும் அணிகலனும் உடைய பெண்ணும் பட்டாடை உடுத்தாமல் தலைவனைக் காணச் செல்லமாட்டாள் என்று ஒரு செய்யுள் கூறுகிறது. கோயிற் கல்வெட்டில் இடம்பெற்ற வணிக விளம்பரம் என இதனைக் கொள்வதில் தவறில்லை. புதிதாக வந்தவர் தம்மால் நகருக்கு என்ன பயன் என்பதை நகரின் முன் எடுத்துரைக்கும் குரல் அது.

அதே கல்வெட்டில் வேறொரு செய்தியும் உள்ளது. வந்தவருள் சிலர் நெசவிலேயே நிலைத்தனர். சிலர் வில்வித்தை பயின்றனர், சிலர் கதை கூறுவதில் வல்லவராயினர், சிலர் கோள்நூல் கற்றனர், சிலர் போர்வீரராயினர். நகரம் இவ்வளவு விரைவில் ஒரு தொழிற்குழுவைப் பல தொழில்களாகப் பிரித்துவிட்டது. ஆயினும் கோயிலைக் கட்டியபோதும், 36 ஆண்டுகள் கழித்துப் பழுது பார்த்தபோதும், அவர்கள் தம்மைப் பட்டு நெசவாளர் குழு என்றே குறித்துக்கொண்டனர். தறியில் அமராதவரும் தறியின் பெயரால் ஒன்றுபட்டிருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். அவர்கள் வீட்டில் எம்மொழி பேசினர் என்பதை மட்டும் கல்வெட்டு கூறவில்லை. வடமொழிச் செய்யுளில் வீட்டுமொழிக்கு இடமில்லை. மொழி வரலாற்றாசிரியர்க்கு இது பேரிழப்பாகும்.

நெசவாளரின் பெயர்ச்சி எப்போதும் ஒரே திசையில் நிகழ்ந்ததன்று. குசராத்தின் பாடண் நகரில் பட்டோலா நெய்யும் சால்வியர், சோலங்கி அரசன் குமாரபாலன் காலத்தில் (12ஆம் நூற்றாண்டு) மராட்டியப் பகுதியைச் சார்ந்த ஜால்னாவிலிருந்து வரவழைக்கப்பட்ட 700 குடும்பத்தினரின் வழியினர் என்பது அவர்தம் மரபுச் செய்தி. தென்னாட்டிலும் இதுவே நிலை. தறி இறை மிகும்போது நெசவாளர் ஊரைவிட்டு அகல்வதும், அவர்களைத் திரும்ப அழைக்க இறையைக் குறைப்பதும் விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் காணக்கிடப்பவை. விசயா இராமசாமி இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர் பற்றி எழுதிய நூல் (1985) இச்செய்திகளை விரிவாகத் தொகுத்துள்ளது. பெயர்ந்து செல்லக்கூடும் என்பதே நெசவாளர் கையிலிருந்த வலிமை. நகரம் அவர்களை வேண்டி நின்ற காலம்வரை அந்த வலிமை செல்லுபடியாயிற்று.

மதுரை, பரமக்குடி, எமனேசுவரம், திண்டுக்கல், சேலம், கும்பகோணம், அய்யம்பேட்டை முதலிய ஊர்களில் வாழும் பட்டுநூல்காரர் எனப்படும் சௌராட்டிரர் இவ்வாறு பெயர்ந்துவந்த பெருங்குழுவினர். தாம் சௌராட்டிர நாட்டிலிருந்து வந்ததாகவும், 1025–26இல் கசினி முகமது சோமநாதபுரத்தைத் தாக்கியபின் அங்கிருந்து புறப்பட்டு, யாதவரின் தலைநகரான தேவகிரியிலும் பின்னர் விசயநகரத்திலும் தங்கி, இறுதியில் நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்ததாகவும் அவர்தம் மரபு கூறுகிறது. திருமணச் சடங்கில் மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் வினாவும் விடையுமாக இப்பயணத்தைச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இருந்ததைத் தர்ஸ்டன் 1909இல் வெளிவந்த தம் தொகுப்பில் பதிவு செய்துள்ளார். புதிய உறவு ஏற்படும் வேளையில் பழைய ஊர்களின் பெயர்களை வரிசையாகக் கூறுவது, நாம் ஒரே வழியில் வந்தவர் என்பதை ஒருவர்க்கொருவர் உறுதி செய்யும் செயலாகும்.

இம்மரபை மந்தசோர்க் கல்வெட்டோடு இணைத்து, தசபுரத்து நெசவாளரே இன்றைய சௌராட்டிரரின் முன்னோர் என்று கூறுவோர் பலர். இவ்விணைப்பைச் சான்றாகக் கொள்ள இயலாது. கல்வெட்டு சுட்டுவது இலாடம். சௌராட்டிரம் என்பது அதற்கு மேற்கே கடல் சூழ்ந்த தீவக்குறை. தசபுரத்துக் கோயில் பழுதுபார்க்கப்பட்ட காலத்திற்கும் மதுரையில் நாயக்கர் ஆட்சி தொடங்கிய காலத்திற்கும் இடையே ஓராயிரம் ஆண்டுகள் கழிந்துள்ளன. ஒரே தொழில், ஒரே திசை என்பன ஒற்றுமையைக் காட்டுமேயன்றிக் குருதி வழியைக் காட்டா. மரபுவரலாற்றில் இன்னொன்றும் நோக்கத்தக்கது. அதன் ஒவ்வொரு கட்டமும் ஒரு படையெடுப்போடு அல்லது ஓர் அரசின் வீழ்ச்சியோடு முடிகிறது: சோமநாதபுரம், 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீழ்ந்த தேவகிரி, 1565இல் அழிந்த விசயநகரம். துரத்தப்பட்டவர் என்று கூறிக்கொள்வது வேலை தேடி வந்தவர் என்று கூறிக்கொள்வதினும் மதிப்புடையதாகப் பிற்காலத்தில் கருதப்பட்டிருக்கலாம். தசபுரத்தார்க்கு அத்தகைய கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

மரபு கூறாததை மொழி கூறுகிறது. கிரியர்சன், 1908இல் வெளிவந்த தம் இந்திய மொழி அளவாய்வின் ஒன்பதாம் தொகுதி இரண்டாம் பகுதியில், இம்மொழியைப் பட்ணூலி எனக் குறித்துக் குசராத்தியின் கீழ் வைத்தார். 1940களில் ராண்டில் இதனைத் தனியே ஆராய்ந்தார். பின்னர் உச்சிடா நோரிஹிக்கோ வாய்மொழி இலக்கியத்தைத் தொகுத்ததோடு 1990இல் அகராதி ஒன்றையும் வெளியிட்டார். இவ்வாய்வுகளால் தெளிவாவது, இம்மொழியின் அடித்தளம் குசராத்திக்கு உறவுடையதாயினும் அதன்மேல் மராத்தியோடு ஒத்த கூறுகள் மிகுதியாகப் படிந்துள்ளன என்பதே. அதன்மேல் கன்னடமும் தெலுங்கும், அனைத்திற்கும் மேலாகத் தமிழும் படிந்துள்ளன. கடன் பெற்ற சொற்களை எளிதில் எண்ணிவிடலாம். அவை சில ஆண்டுத் தொடர்பாலும் வரக்கூடியவை. ஒலியமைப்பிலும் தொடரமைப்பிலும் ஏற்படும் ஒப்புமை அவ்வாறு வருவதன்று. தக்காணத்தில் இக்குழு வழிப்போக்கராகத் தங்காமல் பல தலைமுறை குடியிருந்தது என்பதற்கு மொழியே சான்று. மரபுவரலாறு இரண்டு தலைநகர்களின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இடைப்பட்ட சிற்றூர்களையும் சந்தைகளையும் மறந்துவிட்டது.

ஓர் ஒலியியல் செய்தியை மட்டும் இங்குச் சற்று விரிவாக நோக்கலாம். இம்மொழியில் வல்லொலிகள் மட்டுமன்றி, ம, ன போன்ற மூக்கொலிகளும் ர, ல போன்ற இடையொலிகளும் மூச்சொலி பெற்று வருகின்றன. மராத்தியில் எருமையைக் குறிக்கும் ‘ம்ஹைஸ்’ என்னும் சொல்லின் முதலொலி இத்தகையது. சௌராட்டிர எழுத்தில் இதனைக் காட்டுவதற்கென்றே ‘ஹாரு’ எனப்படும் தனிக்குறி உண்டு. தமிழில் மூச்சொலி வேறுபாடு பொருள் வேறுபாட்டுக்குப் பயன்படுவதில்லை. மூச்சொலியே இல்லாத ஒரு பெருமொழியின் நடுவே, சிறுபான்மைக் குழு ஒன்று மூக்கொலியில்கூட மூச்சு வேறுபாட்டை ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு காத்து வந்துள்ளது. ஆனால் தொடரமைப்பு அவ்வாறு காக்கப்படவில்லை. தமிழில் ‘என்று’ என்னும் எச்சம் பிறர் கூற்றையும் எண்ணத்தையும் இணைப்பது போலவே, இம்மொழியும் ‘சொல்’ என்னும் பொருளுடைய தன் வினையின் எச்சத்தைக் கொண்டு இணைக்கிறது. சொல் தம்முடையது, அதனைப் பயன்படுத்தும் முறை தென்னாட்டினது. வீட்டில் ஒலியைக் காத்து, அங்காடியில் தொடரைக் கற்ற மக்களின் மொழி வேறெவ்வாறும் அமைந்திராது.

இனி, மதுரை இவர்களை ஏன் ஈர்த்தது என்பது. திருமலை நாயக்கர் (1623–1659) திருச்சிராப்பள்ளியில் இருந்த தலைநகரை மதுரைக்கு மாற்றி அங்கே பேரரண்மனை எழுப்பினார். அவர் அழைப்பின்பேரில் நெசவாளர் அரண்மனையைச் சுற்றிக் குடியேறினர் என்பது வழங்கும் செய்தி. அழைப்பு விடுத்த ஆவணம் எதுவும் இல்லாவிடினும், அரண்மனையை ஒட்டிய மகால் பகுதித் தெருக்களில் இக்குழுவினர் செறிந்திருப்பது அச்செய்திக்கு அரண் செய்கிறது. அரசவையில் தெலுங்கு வழங்கியதும் இவர்கட்கு உதவியிருக்க வேண்டும். விசயநகரச் சூழலில் தெலுங்கோடு பழகி வந்தவர்க்கு, தமிழ் நகரமாகிய மதுரையின் ஆட்சியாளரோடு பேசுவதற்கு மொழித்தடை குறைவு. வையை நீரில் சாயம் நன்கு பிடிக்கும் என்பது மதுரைச் சாயத் தொழிலாளரிடையே வழங்கும் நம்பிக்கை. அதற்கும் அறிவியல் காரணம் இருக்கலாம்.

ஆனால் அரண்மனை நிலைக்கவில்லை. திருமலை நாயக்கருக்குப்பின் தலைநகரம் மீண்டும் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றது. பட்டு உடுத்தும் அரசவை விலகிய பின்னும் நெசவாளர் மதுரையை விட்டு அகலவில்லை. பழைய வழக்கப்படி அவர்கள் அரசவையைப் பின்தொடர்ந்திருக்க வேண்டும். இம்முறை அங்காடியே போதுமானதாயிற்று. பட்டின் பெயரைத் தாங்கிய குழு பெருமளவு பருத்தி நெய்யத் தலைப்பட்டது. துணியில் சிறு முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் சுங்குடிச் சேலை மதுரையின் அடையாளமாயிற்று. முடிச்சிட்டுச் சாயமேற்றும் கலை குசராத்தில் இன்றும் செழித்துள்ள ஒன்று. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005இல். ‘மதுரை’ என்னும் ஊர்ப்பெயரோடு அது பதிவாகியுள்ளதை இங்கு நினைவிற்கொள்ளலாம். வந்தேறியாகிய கைத்தொழிலை நகரம் தன் பெயரால் ஏற்றுக்கொண்டது.

தொழிலை ஏற்றுக்கொள்வதும் மனிதரை ஏற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. புதிதாக வந்த குழுவைப் பழைய சமூக அடுக்கில் எங்கே வைப்பது என்னும் வினாவை நகரம் விரைவில் எழுப்பியது. இராணி மங்கம்மாள் ஆட்சிக் காலத்தில், ஆவணி அவிட்டச் சடங்கை நிகழ்த்தினர் என்பதற்காக இக்குழுவினர் 18 பேரை மதுரை ஆளுநர் சிறைப்படுத்தினார். பூணூல் மாற்றிக்கொள்ளும் உரிமை நெசவாளர்க்கு இல்லை என்பது குற்றச்சாட்டு. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆண்ட அரசி, கற்றோரைக் கூட்டி ஆராய்ந்து, இவர்கள் தம் சடங்குகளைச் செய்துகொள்ளலாம் என ஓலை வழங்கினார். 1705ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் இவ்வோலையைக் குழுவினர் போற்றிக் காத்து வந்தனர். தர்ஸ்டனும் இச்செய்தியைத் தந்துள்ளார்.

இவ்வழக்கில் உரிமை கோரியவரின் வாதம் முழுவதும் தாம் எங்கிருந்து வந்தவர் என்பதைச் சார்ந்திருந்தது. தொழிலால் அளக்கப்பட்டால் அவர்கள் நெசவாளர். பிறந்த நாட்டால் அளக்கப்பட்டால் வேறு தகுதி. ஊர்வரலாறு சடங்குப் பேச்சாக இருந்த நிலை மாறி, அரசின் முன் வைக்கும் சான்றாகிவிட்டது. பிற்காலத்தில் ஆங்கிலேயர் சாதிவாரியாக மக்களை எண்ணத் தொடங்கியபோது இதே வாதம் மீண்டும் எழுந்தது. ‘பட்டுநூல்காரர்’ என்பது பிறர் இட்ட தொழிற்பெயர். ‘சௌராட்டிரர்’ என்பது தாம் விரும்பி முன்வைத்த நாட்டுப்பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சங்கமும் பள்ளியும் தோன்றியபோது பின்னதே நிலைபெற்றது. சமூக உரிமை தேடிய பிற தென்னாட்டு நெசவாளரும் வேறுவழிகளில் இதனையே செய்தனர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைக்கோளர் தண்டிகை ஏறவும் சங்கு ஊதவும் உரிமை பெற்றபோது, காஞ்சிபுரத்துக் கைக்கோளர் பெற்றிருந்த உரிமையை முன்மாதிரியாகக் காட்டினர். அவர்கட்குக் காட்டுவதற்கு அருகில் ஓர் ஊர் இருந்தது; சௌராட்டிரர்க்கு எட்டாத் தொலைவிலிருந்த நாடு ஒன்றே இருந்தது.

தகுதி பற்றிய இவ்வழக்குகள் நிகழ்ந்துகொண்டிருக்க, மொழியைக் காத்தது தெருவாகும். நெசவாளர் வீடு குடியிருப்பும் தொழிலகமும் ஆகும். முன்பகுதியில் குழித்தறி, அதன் குழியில் கால் வைத்து அமர்ந்து ஆடவர் நெய்வர். பெண்டிர் இராட்டையில் தார் சுற்றுவர்; சிறுவர் உடனிருந்து இழை எடுத்துக் கொடுப்பர். பாவு தோய்ப்பதற்கு ஒரு வீடு போதாது. வெயில் ஏறுமுன் தெருநீளத்திற்குப் பாவை விரித்து, கஞ்சி தோய்த்து, இழை அறாமல் வாரி உலர்த்த வேண்டும். அறுந்த இழையை உடனே முடிந்தாக வேண்டும். ஒருவர் பாவுக்கு அண்டை வீட்டார் அனைவரும் கைகொடுத்தாலன்றி இது நடவாது. அடுத்த நாள் அவர் கைகொடுக்கக் கடமைப்பட்டவர். இவ்வேலை முழுவதும் கட்டளையும் மறுமொழியுமாக வாய்ச்சொல்லால் நடப்பது. ‘இழு’, ‘தளர்த்து’, ‘அங்கே அறுந்தது’ என்னும் விரைவுச் சொற்கள் வீட்டுமொழியிலேயே வரும். ஆதலால் வீட்டிற்கும் தொழிலுக்கும் ஒரே மொழி. அம்மொழியின் எல்லை தெருமுனை. தெருமுனையைக் கடந்தால் தமிழ். சடங்கிற்கு வடமொழி, இசைக்கும் புலமைக்கும் நெடுங்காலம் தெலுங்கு. தியாகராசரின் மாணவராகிய வாலாசாப்பேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874) இக்குழுவில் தோன்றியவர். அவர் தெலுங்கிலும் வடமொழியிலும் சௌராட்டிரத்திலும் பாடல் இயற்றினார். ஒவ்வொரு மொழிக்கும் தனி இடம் வரையறுக்கப்பட்டிருந்ததால் ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. மொழிக்காப்பினை மொழிப்பற்றின் விளைவாகக் கூறுவோர் இத்தெருவின் ஒழுங்கைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இவ்வொழுங்கு குலைந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆலை நூலும் செயற்கைச் சாயமும் வந்தன. 1906இல் வெளிவந்த மதுரை மாவட்ட விவரச்சுவடியில் பிரான்சிசு குறித்துள்ளபடி, அலிசரின் சாயத்தொழில் இக்குழுவினர் கையில் செழித்தது. சில குடும்பங்கள் பெருவணிகராயின. பல குடும்பங்கள் முன்பணம் பெற்றுக்கொண்டு கூலிக்கு நெய்வோராயின. நூலைக் கொடுப்பவரும் துணியைப் பெறுபவரும் ஒரே குழுவினராக இருந்தமையால் கடன் உறவும் தாய்மொழியிலேயே நடந்தது என்பது ஆறுதல் தரும் செய்தி அன்று. ஒரே மொழி பேசுவது கூலியை உயர்த்துவதில்லை. கும்பகோணத்துப் பட்டு நெசவாளர் வாழ்வில் இம்முரண்பாடு எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை எம். வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’ (1975) என்னும் புதினம் காட்டுகிறது. சௌராட்டிரம் பேசும் குடும்பத்தில் பிறந்து பட்டுத்தொழிலும் செய்த அவர் தமிழிலேயே எழுதினார். 1993இல் தமிழுக்கான சாகித்திய அக்காதெமி பரிசும் பெற்றார்.

தொழில் தளர்ந்த காலத்திலேயே எழுத்து முயற்சி எழுந்தது. தொ. மு. இராமராய் பழைய எழுத்தைச் சீர்செய்து, அச்செழுத்து வார்த்து, பள்ளிச் சிறுவர்க்கு நூல்கள் எழுதினார். நெசவுக் குடும்பத்தில் தோன்றிய நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) இம்மொழியில் பத்திப் பாடல்கள் பாடினார். ஆயின் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர் தம் மக்கள் வேலை பெறுவதையே நாடினர். அவ்வேலைக்குத் தமிழும் ஆங்கிலமும் தேவைப்பட்டன. சௌராட்டிர எழுத்தா, தேவநாகரியா, தமிழ் எழுத்தா என்ற விவாதம் ஒரு நூற்றாண்டாக முடியவில்லை. வழக்கில் வென்றது தமிழ் எழுத்தே. க, ச, ட, த, ப ஆகியவற்றின் மேல் 2, 3, 4 என எண்ணிட்டு ஒலிப்பொலியும் மூச்சொலியும் காட்டும் முறை அச்சில் பயின்றுவருகிறது. 2008இல் ஒருங்குறியில் சௌராட்டிர எழுத்திற்கு இடம் கிடைத்தபோது அதனைப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர்.

நகரம் இவர்கள்பால் பகைமை காட்டியதால் மொழி தேய்ந்தது என்று கூறுதல் பொருந்தாது. மதுரை இவர்களைத் தன்னவராக ஏற்றது. விடுதலைப் போராட்டத்திலும் மக்களாட்சியிலும் மதுரையின் தலைவர்களாக விளங்கிய என். எம். ஆர். சுப்பராமன் போன்றோர் இக்குழுவிலிருந்து வந்தனர். தமிழின் ழகர ளகரங்களைத் தெளிவாக ஒலித்தமைக்காகத் தமிழர் போற்றிய பாடகர் டி. எம். சௌந்தரராசனின் (1922–2013) வீட்டுமொழியும் சௌராட்டிரமே. தசபுரத்தில் நெசவாளர் வில்லும் கோள்நூலும் கற்றது போல, மதுரையிலும் கும்பகோணத்திலும் ஆசிரியரும் அலுவலரும் பாடகரும் தோன்றினர். விசைத்தறி வந்தபின் பாவு விரிக்கத் தெரு வேண்டியதில்லை. தெருவில் ஊர்திகள் நிறைந்தன. தறியில் அமராத தலைமுறைக்கு நெசவுச் சொற்கள் தேவைப்படவில்லை. இழை, பாவு, அச்சு, விழுது ஆகியவற்றிற்குத் தாய்மொழியில் என்ன பெயர் என்பதை முதியோரைக் கேட்டே அறிய வேண்டிய நிலை உருவாயிற்று. ஒரு மொழி முதலில் இழப்பது பாடலையோ வழிபாட்டையோ அன்று, வேலைச்சொற்களையே என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இம்மொழியை நடத்தும் முறை தனியே கருதத்தக்கது. கிரியர்சன் வகுத்த வழியில், சௌராட்டிரம் குசராத்தி என்னும் மொழியின் கீழ் அடங்கிய தாய்மொழியாகவே எண்ணப்படுகிறது. மொழிகளை மட்டும் காட்டும் அட்டவணைகளில் அதன் பெயர் தோன்றுவதில்லை. தாய்மொழிகளை விரித்துக் காட்டும் அட்டவணையில் மட்டுமே தோன்றும். இதன் விளைவு ஏட்டோடு நிற்பதன்று. மதுரையில் பிறந்த குழந்தைக்கு இன்றைய குசராத்தி எளிதில் விளங்காது. குசராத்திப் பாடநூல் அதற்கு அயல்மொழி நூல். சிறுபான்மை மொழிக்கென வகுத்த வசதி, பெயரளவில் அம்மொழிக்கு உரியதாயினும் பயனளவில் உரியதன்று. 2023 ஏப்பிரலில் குசராத்தில் சௌராட்டிரத் தமிழ்ச் சங்கமம் நிகழ்ந்தபோது தமிழ்நாட்டிலிருந்து பலர் தொடர்வண்டியில் சோமநாதபுரம் சென்றனர். மணச்சடங்கில் முன்னோர் கூறிய முதல் ஊர் அரசு விழாவின் மேடையாயிற்று. அப்பயணத்தில் புறப்பாட்டு ஊர் நினைவுகூரப்பட்டது. தக்காணத்தில் கழித்த நூற்றாண்டுகள் இம்முறையும் பேசப்படவில்லை.

2001 கணக்கெடுப்பில் சௌராட்டிரத்தைத் தாய்மொழியாகக் கூறியவர் 1,85,420 பேர். 2011இல் அத்தொகை 2,47,702 ஆயிற்று. பத்தாண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சி இது. அதே காலத்தில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 விழுக்காடே வளர்ந்தது. பிறப்பு மிகுதியால் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. 2001இல் தமிழ் என்று விடையிறுத்த வீட்டார் சிலர் 2011இல் சௌராட்டிரம் என்று விடையிறுத்திருக்க வேண்டும். எண்ணுவோர் வாசலில் நின்று கேட்பது தாய்மொழி எது என்பதே. அவ்வீட்டில் பேரக்குழந்தை பாட்டியோடு எம்மொழியில் பேசுகிறது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.